வளையல் ஏறிய கை

என் மனைவியின் மேல்கையில் பிரஷர் பட்டை ஒழுங்காக நின்றதே இல்லை. தோளருகே பருத்து, முழங்கைக்கு வரும்போது சட்டென்று ஒடுங்கிவிடும் கை அவளுடையது. காற்று ஏற ஏறப் பட்டை வழுக்கிக்கொண்டு முழங்கை மடிப்பில் வந்து உட்காரும். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் பகுதி பிரிந்து படீரென்று திறந்துகொள்ளும். அவள் அம்மா, பெரியம்மா, சித்தி எல்லோருக்கும் அதே கைதான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊர் அவர்களுடையது. நெல் விவசாயம். என் மைத்துனன் தன் அக்காவைப் ‘போலீஸ்காரம்மா’ என்றுதான் கூப்பிடுவான். அந்தக் கையால் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு சிரிப்பான்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1994 ஆவணியில். எனக்குக் கல்பாக்கத்தில் வேலை, அங்கேயே குடியிருப்பில் வீடு. 1997 கோடையில் அவளுக்கு மாமல்லபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் உடல் தகுதிச் சான்று கேட்டார்கள். சான்று வாங்கப் போன இடத்தில் பிரஷர் 160/104 என்றார்கள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மறுபடி பார்த்தபோதும் ஏறக்குறைய அதுவேதான். மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மருந்து சாப்பிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டு சான்று கொடுத்தார்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு உடம்புக்கு வந்தது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. கரும்பலகையில் எழுதும்போது கை தொய்ந்தது. அந்த ஆண்டு ஐப்பசி மழையில், திருக்கழுக்குன்றம் பேருந்து நிலையத்தில், ஏறப்போன பேருந்தின் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடத்துநர் சோடா வாங்கிவந்து கொடுத்தாராம். அன்றைக்கே நான் அவளைச் செங்கல்பட்டில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். சொந்தமாக மாடி வீட்டில் சின்ன மருத்துவமனை வைத்திருந்தவர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

அவரும் முதலில் மேல்கையில்தான் பட்டையைச் சுற்றினார். அது வழுக்கியதைப் பார்த்ததும் கழற்றிவிட்டு, அவள் கையைத் தூக்கி, துணிக்கடையில் சட்டைத்துணி அளப்பதுபோல் ஒரு நாடாவால் அளந்தார். பிறகு எங்கள் இருவருக்குமாகப் பொதுவில் விளக்கினார். பெரிய கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் உள்ளேயிருக்கும் ரத்தக்குழாயை அழுத்த அதிகக் காற்று ஏற்றவேண்டியிருக்கும். அந்த அதிகமும் கணக்கில் சேர்ந்து, இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். அகலமான பட்டை சென்னையில் கிடைக்கும், ஆனால் இப்படிக் கூம்பாக ஒடுங்கும் கையில் அதுவும் சரியாகப் படியாது.

அதனால் முன்கையில் பார்த்தார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே பட்டையைச் சுற்றினார். மேசைமேல் தலையணை வைத்துக் கையை நெஞ்சின் உயரத்துக்குக் கொண்டுவந்தார். கட்டைவிரலுக்குக் கீழே நாடி துடிக்கும் இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திய பிறகு, கார்த்திகையில் அதே முன்கையில் 128/82 இருந்தது.

“இது மேல்கைக் கணக்கு இல்ல, ஞாபகம் வச்சுக்குங்க. முன்கையில பொதுவா கொஞ்சம் கூடத்தான் காட்டும். முன்கையை முன்கையோட மட்டும்தான் ஒப்பிடணும்” என்றார் மருத்துவர்.

திரும்பும் பேருந்தில் என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கைக்குத்தாங்க பிரஷரு, எனக்கில்ல” என்றாள். வீட்டில் அது ஒரு பேச்சாகவே நிலைத்துவிட்டது. அவள் கோபப்பட்டால் மைத்துனன், “அக்காவுக்கு இன்னா கோவம், கைக்குத்தான் கோவம்” என்பான். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே முன்கையை நீட்டி, “இங்க பாருங்க” என்பாள். சிலர் பார்த்தார்கள். சிலர், இதென்ன புது வழக்கம் என்று கேட்டுவிட்டு மேல்கையிலேயே பார்த்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாரிமுனையில் ஒரு பாதரசக் கருவி வாங்கிவந்தேன். மருத்துவர் காட்டிய விதத்தில் பழகிக்கொண்டேன். உடம்பு விஷயத்தில் அவள் அடைந்த ஒரே வெற்றி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மற்றபடி அந்த ஆண்டுகளில் அவள் கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் அலைந்தது குழந்தைக்காக.

2002 ஆடியில் அவள் கருவுற்றிருப்பது உறுதியானது. கல்யாணம் ஆகி எட்டு வருஷம். அதே செங்கல்பட்டு மருத்துவரிடம்தான் காட்டினோம். மாதாமாதம் முன்கையில் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மார்கழியில் என் மாமியாரும் உடன் வந்தார். முன்கையில் 120 என்று மருத்துவர் சொன்னதும், போன தடவை வேறு இடத்தில் 150 சொன்னார்களே என்று கேட்டார் மாமியார். மருத்துவர் பொறுமையாக மேல்கையிலும் ஒருமுறை பார்த்துக் காட்டினார். 150 தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாமியார் கண்ணாலேயே பார்த்துவிட்டார். முப்பது.

நெல்லை எடைபோடும் வீடு அது. மூட்டையை அப்படியே தராசில் ஏற்றுவார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சம்தான் நெல். கழிவு போடாமல் எடையைச் சொன்னால் அது எடையே இல்லை அவர்களுக்கு. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே மாமியார் தன் கணக்கை முடித்திருந்தார். கைக்கு முப்பது கழிவு.

வளைகாப்பு 2003 தையில், ஏழாம் மாதம். எங்கள் குடியிருப்பு வீட்டிலேயே செய்தோம். கலந்த சாதங்கள், சந்தனம், குங்குமம். முதலில் வேப்பங்குச்சிக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல்கள். எட்டு வருஷம் காத்திருந்த வீடு ஆனதால் வந்தவர்கள் யாரும் ஒன்றிரண்டோடு நிறுத்தவில்லை. கல்பாக்கத்துச் சிநேகிதிகள், பள்ளி ஆசிரியைகள், ஊரிலிருந்து வேனில் வந்த உறவுக்காரப் பெண்கள், ஆளுக்குக் கொஞ்சம் என்று பச்சையும் சிவப்புமாக ஏற்றினார்கள். மணிக்கட்டிலிருந்து முன்கையில் பாதிக்கு மேல் இரண்டு கையிலும் வளையல். சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்று அவள் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அன்று எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதில் அவள் முகம் கொஞ்சம் உப்பலாகத்தான் தெரிகிறது. அன்று யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

அந்த வளையலைப் பிரசவம் ஆகிறவரை கழற்றக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகு கழற்றி, பிரசவம் பார்த்தவருக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். வளையல் ஏறிய கையோடு அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். அந்த நேரம் பார்த்துச் செங்கல்பட்டு மருத்துவர் வெளிநாட்டில் இருந்த தன் மகளிடம் போயிருந்தார், மாசிப் பாதியில்தான் திரும்புவார். அதுவரை ஊருக்கு அருகில் ஒரு சிறிய மருத்துவமனையில் காட்டும்படி சொல்லியிருந்தார்.

அங்கே போனபோது என் மனைவி வழக்கம்போல் முன்கையை நீட்டியிருக்கிறாள். பட்டை சுற்ற இடமில்லை. நாடி பார்க்கிற இடம் முழுக்க வளையல். மேல்கையில் பார்த்து 156 என்று சொன்னார்கள். மாமியார் முப்பதைக் கழித்தார். 126. எல்லோருக்கும் திருப்தி. அடுத்த தடவை 164 இருந்ததாம். செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்டுங்கள் என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லியிருக்கிறார். மாமியார் அவருக்கு 1997ஆம் வருஷக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பேருந்து நிலையம், நடத்துநர், சோடா, ‘கைக்குத்தான் பிரஷர்’ எல்லாம். வேண்டாத மாத்திரையால் மகள் விழுந்ததை அவர் மறக்கவேயில்லை. நியாயமான பயம்தான்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், கருவியையும் பையில் எடுத்துக்கொண்டு. பாதரசப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அவள் கையைப் பார்ப்பேன். வளையலை மேலே தள்ளினால் பட்டைக்கு இடமில்லை, கீழே இழுத்தால் நாடிக்கு இடமில்லை. முதல் வாரம் அவற்றை நகர்த்தவாவது முடிந்தது. அதற்கடுத்த வாரம் தோலோடு பதிந்து நின்றன. அவளே, “தோ, சத்தமே வரமாட்டேங்குது பாருங்க” என்று கையை ஆட்டிக் காட்டினாள். கால் வீங்கியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் சகஜம் என்றார்கள் வந்திருந்த பெண்கள். சகஜம்தான், ஆனால் கைவீக்கமும் முகவீக்கமும் வேறு என்று நான் படித்திருந்தேன். அந்த முப்பது எப்போதும் முப்பதாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, மருத்துவரே முன்கையை முன்கையோடுதான் ஒப்பிடச் சொன்னார் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“இன்னா மாப்ள, சாக்கு எடை வாராவாரம் மாறுமா?” என்றார் மாமியார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

நான்கைந்து வளையலையாவது கழற்றுங்கள் என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். பேச்சு அதோடு முடிந்தது. என் மனைவி பிறகு என்னைத் தனியாக அழைத்து, அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம், எட்டு வருஷமாக ஊரில் யார் யாரிடம் என்னென்ன பேச்சு கேட்டிருக்கிறார் தெரியுமா என்றாள்.

மாசி மூன்றாவது ஞாயிறு நான் போனபோது மத்தியானம். அவள் படுத்திருந்தாள், ஜன்னலைச் சாத்திவிட்டு. காலையிலிருந்து பிடரியில் வலி, சாப்பிடவில்லை. மாமியார் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்:

“தலை வலிச்சுகினே கீதுங்க. கண்ணு முன்னாடி மினுக்கு மினுக்குனு பூச்சி பறக்கிறாப்ல கீது.”

நான் கருவியை எடுக்கவில்லை. வாசலுக்குப் போய் மைத்துனனைக் கூப்பிட்டேன். அப்போது அவன் மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிறு என்றால் வெளியூர்க்காரர்கள் கூட்டம், நல்ல சவாரி. அன்று ஏதோ காரணத்தால் வேன் வீட்டு வாசலில் நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டான். வண்டியில் ஏறும்போது மாமியார், வீட்டில் விளக்கேற்றிவிட்டு வருகிறேன் என்றார். “யம்மா, ஏறு” என்று மட்டும் சொன்னான் அவன்.

மருத்துவர் ஊர் திரும்பியிருக்கவேண்டும் என்ற நம்பிக்கையில்தான் போனோம். திரும்பியிருந்தார். என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காரவிடாமல் நேராகக் கட்டிலில் படுக்கவைத்தார். மேல்கையில் பட்டை கட்டினார். 190க்கு மேல். மாமியார் வாயைத் திறக்கும் முன்பே, அதைத் தான் நம்பப்போவதில்லை என்றும் முன்கையில் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். ஊசி ஏற்றவும் அந்தக் கைதான் வேண்டும், வீக்கத்தில் வேறெங்கும் நரம்பு தெரியவில்லை. வளையலைக் கழற்றச் சொன்னார்.

சோப்பு நுரை போட்டார்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். ஒன்றுகூட மணிக்கட்டைத் தாண்டவில்லை. நர்ஸ் ஒரு துவாலையை எடுத்துவந்து கையில் சுற்றப் போனார். சுற்றி, மேலிருந்து அழுத்தி உடைப்பதுதான் வழி. மாமியார் அந்தத் துவாலையைப் பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

“எந்த வூட்லமா பொண்ணு கை வளையலை உடைப்பாங்க? எப்ப உடைப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

நர்ஸ் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் என்னைப் பார்த்தார். என் சம்மதத்தைக் கேட்கிறார் என்று புரிந்தது. உடையுங்கள் என்று நான் சொல்லும் முன் கட்டிலிலிருந்து என் மனைவி சொன்னாள். கண்ணைத் திறக்கவில்லை.

“அவரு தோ எதிர்க்க நிக்கிறாரும்மா. வுடு. உடைக்கட்டும்.”

மாமியார் துவாலையை விட்டார். வெளியே போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். துவாலைக்குள் வளையல்கள் உடைந்த சத்தம் பெரிதாக இல்லை, அப்பளம் நொறுங்குவதுபோல்தான் இருந்தது. பச்சையும் சிவப்புமாகத் துண்டுகளை நர்ஸ் ஒரு தட்டில் தட்டினார். கையில் வளையல் நின்ற இடமெல்லாம் கோடு கோடாகப் பள்ளம். இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது. மருத்துவர் அந்தக் கோடுகளின் மேலேயே பட்டையைச் சுற்றினார். கையை உயர்த்தி, நாடியைத் தேடி, கேட்டார். மறுபடி காற்றை ஏற்றிக் கேட்டார்.

முன்கையில் 172/116. மார்கழியில் 120 காட்டிய அதே முன்கை. பிறகு செய்த சிறுநீர் பரிசோதனையும் கர்ப்பத்தில் வரும் பிரஷர் நோய் என்றே சொன்னது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள், பிரஷர் இறங்க மருந்து ஏற்றினார்கள். குழந்தையின் துடிப்பு குறைந்துகொண்டு வருகிறது, காத்திருக்க முடியாது என்றார் மருத்துவர். பொழுது சாயும் முன்பே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போல இருந்தாள். வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி நின்று சில வாரங்கள் ஆகியிருக்கும் என்றார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். என் மனைவி அவளைத் தொடவில்லை. அப்போது அவளுக்கே நினைவு சரியாக இல்லை. மைத்துனன் வேனை எடுக்க மறுத்துவிட்டான். ஓர் ஆட்டோவில் நானும் அவனும் மட்டும் இடுகாட்டுக்குப் போய்வந்தோம்.

என் மனைவி பிழைத்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவரிடம் நான் கேட்டேன், முன்பே கையைப் பார்த்திருந்தால் என்று. முன்பே தெரிந்திருந்தால் ஒரு வழி இருந்திருக்கலாம், ஆனால் இந்த நோயில் யாருக்கும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நான் பலமுறை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். அதில் எனக்கு ஆறுதலும் கிடைக்கவில்லை, தண்டனையும் கிடைக்கவில்லை.

மாமியாருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. பிரசவத்துக்கு முன் வளையலை உடைத்தார்கள், பிள்ளை போய்விட்டது. முன்னது நடந்தது, பின்னது நடந்தது. எங்களிடம் அவர் இதைச் சொன்னதில்லை, ஆனால் ஊரில் சொன்னார். அவர் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. நான் நினைத்தது வேறு: வளையல் ஏறிய நாளிலிருந்து உடைந்த நாள்வரை அந்தக் கையை யாராலும் பார்க்க முடியவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்காமல் கழிவு போட்டுக்கொண்டிருந்தோம். நானும் அதை அவரிடம் சொன்னதில்லை. ஒரே சோற்றுப் பானையிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு இரண்டு பேர் இரண்டு காரணங்களை வைத்திருந்தோம். நடுவில் என் மனைவி. அவள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லவேண்டியிருக்கும்.

அவளுக்குப் பிரஷர் அதன் பிறகு இறங்கவேயில்லை. இம்முறை உண்மையான பிரஷர், உண்மையான மாத்திரை. கண்ணாடி வளையல் போடுவதை விட்டுவிட்டாள். கையில் ஒரே ஒரு மெல்லிய தங்கக் காப்பு. வீட்டில் நான் கருவியைத் திறந்தால் வந்து உட்காருவாள். எண்ணைச் சொன்னால் கேட்டுக்கொண்டு எழுந்து போவாள். பழைய பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மைத்துனனும் ‘போலீஸ்காரம்மா’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். எப்போது விட்டான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் குறித்துவைக்கத் தவறிய தேதிகளில் அது ஒன்று.

அவன் வேனை விற்றுவிட்டுச் சிறுசேரியில் கணினி நிறுவன ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டப் போனான். 2005இல் கல்யாணம் ஆயிற்று. 2006 ஆவணியில் அவன் மனைவிக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். அந்தப் பெண் ஒல்லி. பட்டை எந்தக் கையிலும் நிற்கும், மேல்கையில் பார்த்தாலே போதும். இதை நான் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

வளையல் வாங்கத் திருக்கழுக்குன்றத்துக்குப் போனபோது மாமியார் என் மனைவியையும் கூட்டிக்கொண்டார். குழந்தையை இழந்தவளை அந்தக் காரியத்துக்கு அழைத்துப்போவார் என்று நான் நினைக்கவில்லை. போகாமல் இருந்துவிடு என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பைகளைத் தூக்க நானும் போனேன். கடைக்காரர் பெண்ணின் கை அளவைக் கேட்டுவிட்டு இரண்டேகால் எடுத்து வைத்தார். மாமியார் வேண்டாம் என்றார். இரண்டரை காட்டினார், அதையும் தள்ளினார். இரண்டேமுக்கால் கேட்டார்.

ஒல்லிக் கைக்கு அது தொளதொளவென்று கிடக்கும், கையைத் தொங்கப்போட்டால் உருவிக்கொண்டு கீழே விழுந்துவிடும், வளைகாப்பு அன்றைக்கு வளையல் விழுந்தால் நன்றாகவா இருக்கும் என்று கடைக்காரர் எடுத்துச் சொன்னார்.

மாமியார் ஒரு வளையலை எடுத்துத் தன் விரல்களைக் குவித்து உள்ளே விட்டுப் பார்த்தார். அந்தக் கையில் அதுகூட நுழையவில்லை.

“வுயட்டும்பா. கயட்டினா சுளுவா வரணும்” என்றார்.

கடைக்காரர் அவரை வேடிக்கையாகப் பார்த்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தார். என் மனைவி அம்மாவின் கையிலிருந்த அந்த வளையலை வாங்கிக் கட்டோடு சேர்த்து வைத்தாள். மற்ற நிறங்களிலும் அதே அளவு எடுத்துத் தரும்படி அவளே கேட்டாள்.